கையில் கொஞ்சக் காசு, கூட ஒரு வழிகாட்டி: மலையகத்தில் முதல் மலைநடை

மலையகத்துக்கு மலையேற வருகிறவர்கள் பெரும்பாலும் காசை இடம் மாற்றிச் செலவழிக்கிறார்கள். கொழும்பிலிருந்து தனி வான், நுவரெலியாவில் வாவி தெரிகிற அறை எல்லாவற்றுக்கும் தாராளமாகக் கொடுத்துவிட்டு, மலையடியில் நிற்கிற வழிகாட்டியிடம் வந்து ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். பஸ்ஸில் வாருங்கள், ரொட்டியும் கட்டசம்பலும் சாப்பிடுங்கள், சாதாரண வீட்டறையில் படுங்கள். மிச்சம் பிடித்த காசை வழிகாட்டிக்குக் கொடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ, மட்டக்களப்பிலிருந்தோ, சென்னையிலிருந்தோ, ரொறொன்ரோவிலிருந்தோ முதல் தடவையாக வருகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். ஏற்கெனவே நாலு மலை ஏறியவர்கள் அட்டைப் பகுதிக்கு நேரே போய்விடலாம்.

முதலில் மலையைத் தெரிவு செய்யுங்கள்

எல்லா மலைக்கும் ஆள் தேவையில்லை. சிவனொளிபாதமலை (2,243 மீட்டர்) மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் (வைகாசிப் பௌர்ணமி) வரை பருவகாலம். அந்த மாதங்களில் நல்லதண்ணி வழியில் படி நெடுக விளக்கெரியும், தேத்தண்ணிக் கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும், கூட்டமே உங்களை மேலே கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே யாராவது வழிகாட்ட வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற செங்குத்து விளிம்பையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சுற்றிவரும் ஏறத்தாழ 9 கிலோமீட்டர்ப் பாதையும் அப்படித்தான்: தடம் தெளிவு, பலகைகள் உண்டு, முன்னும் பின்னும் ஆட்கள் நடப்பார்கள். ஹப்புத்தளையில் தம்பேதன்னைத் தோட்டத்துக்குள்ளால் லிப்டன் சீற் என்கிற காட்சிமுனைக்கு ஏறுவது வாகனம் போகிற ரோட்டு. விடியற்காலையில் நடந்தால் முகில் ஏறமுன் பார்த்துவிடலாம்.

பருவம் முடிந்த சிவனொளிபாதம் வேறு மலை. விளக்கில்லை, கடையில்லை, படியில் தண்ணீர் ஓடும், உச்சியில் நிற்கவிடாத காற்று. அப்போது ஏறத்தான் வேண்டும் என்றால் நல்லதண்ணியிலேயே ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள்.

இடைப்பட்ட நிலையில் இருப்பது பீக்கோ ட்ரெயில். கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்லப் பக்கமெல்லாம் சுற்றி நுவரெலியாவில் முடிகிற 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை, 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பெரும்பகுதி, வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை ஏற்றி இறக்க நம்முடைய ஆட்கள் வெட்டிய பழைய தோட்டப் பாதைகள்தான். ஒரு நாளுக்கு ஒரு பகுதி என்று நடக்கலாம். தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி: தோட்டங்களுக்குள் வழி தவறினால் கொழுந்து எடுக்கிற அக்காமாரிடம் கேட்டாலே போதும். ஆனால் அவர்கள் சொல்கிற “இந்தா, பக்கத்துலதான்” என்பதை நம்பி நேரம் கணக்குப் போடாதீர்கள். பிறந்ததிலிருந்து ஏறி இறங்கிய கால்களுக்குத்தான் அது பக்கம். குறுக்குப் பாதை காட்டினால், முழங்கால் தாங்குமா என்று யோசித்துவிட்டு இறங்குங்கள்.

இனி, ஆள் இல்லாமல் போகக்கூடாத மலைகள். புதியவர்களுக்கு இரண்டைச் சொல்வேன்.

ஒன்று கிரிகல்பொத்த. 2,388 மீட்டர், இலங்கையின் இரண்டாவது உயர்ந்த மலை. முதலாவதான பிதுருதலாகலையின் உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்களும் படைக் காவலும் இருப்பதால் அங்கே நினைத்தபடி நடந்து ஏற முடியாது. ஆகவே காலால் எட்டக்கூடிய உயரத்தில் இதுதான் முதலிடம். ஹோட்டன் சமவெளியின் உள்ளேயிருந்து தொடங்கும் பாதை, ஒரு பக்கம் மட்டும் ஏறத்தாழ 7 கிலோமீட்டர். புல்வெளி, சதுப்பு, ஓடை, பிறகு பாசி தொங்கும் குட்டை மரக்காடு, கடைசியில் பாறை. மொத்த ஏற்றம் பெரிதில்லை, ஏனென்றால் தொடங்குகிற இடமே 2,100 மீட்டருக்கு மேலே. சிக்கல் மூடுபனியில்தான் இருக்கிறது. பத்து நிமிடத்தில் எல்லாம் வெள்ளையாகிவிடும். அதற்குப் பிறகு மரைகள் நடந்து போட்ட தடமும் மனிதர் தடமும் ஒன்றுபோலத் தெரியும். அவ்வளவு தூரம் முடியாது என்றால், பட்டிப்பொல வாசலுக்குப் பக்கத்தில் ஏறுகிற தொட்டபொல (2,357 மீட்டர், மூன்றாவது உயரம்) அரை நாளுக்குள் முடியும்.

மற்றது நக்கிள்ஸ் மலைத்தொடர். இங்கே உயரம் குறைவு. மிக உயர்ந்த கொம்பனிய 1,906 மீட்டர்தான். ஆனால் காடு அடர்த்தி, மழை அதிகம், அட்டை அதைவிட அதிகம். முதல் தடவைக்கு மாத்தளைப் பக்கத்தால் போங்கள். மாத்தளையிலிருந்து ரத்தொட்ட, றிவர்ஸ்டன் தாண்டி லக்கலைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் இலுக்கும்புரவில் இறங்கலாம். அங்கிருந்து மணிகல மலைக்கு ஒரு பகல் நடை. ஹுன்னஸ்கிரியவால் போகும் மீமுரே ஊர் எல்லோருடைய படத்திலும் அழகாக இருக்கும், இருக்கிறதும் உண்மை. ஆனால் பஸ் வசதி மிகக் குறைவு, கடைசியில் ஜீப்புக்குக் காசு கொட்ட வேண்டிவரும். குறைந்த செலவில் வருகிறவர்கள் அதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாதம் பார்த்து வாருங்கள்

மலையகம் ஒரே வானத்தின் கீழ் இல்லை. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா சரிவுகளில் கொட்டித் தீர்க்கும். அதே நேரத்தில் ஊவாப் பக்கம், அதாவது ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, காய்ந்து கச்சான் காற்று வீசும். மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவ மழை நக்கிள்ஸின் கிழக்குச் சரிவையும் பதுளைப் பக்கத்தையும் பிடிக்கும். ஒக்டோபர், நவம்பரில் எந்தப் பக்கமும் நம்ப முடியாது. பிற்பகல் இரண்டு மணிக்கு இடி தொடங்கும். கிரிகல்பொத்தவுக்கு நான் சொல்வது ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. நுவரெலியாவில் ஏப்ரல் ‘சீசன்’ நடக்கும். அறை வாடகை ஏறிக் குதிக்கும், ரோட்டில் வாகனம் நகராது. அந்த மாதத்தை விட்டுவிடுங்கள்.

பனிமலை பார்க்கும் ஆசையோடு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பனியாறு நம்மிடம் கிடையாது. ஜனவரி, பெப்ரவரி விடியலில் ஹோட்டன் சமவெளிப் புல்லில் உறைபனி படியும். வெயில் ஏறினால் அதுவும் போய்விடும். ஆனால் குளிர் பொய்யில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு பாகை குறையும், நனைந்து காற்றில் நின்றால் பல் கிட்டும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவு பல ஊர்களை அழித்தது. மலையக ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட பயணக் குறிப்புகளை வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். ரயில் எதுவரை ஓடுகிறது, நீங்கள் போகிற பாதை திறந்திருக்கிறதா என்று அந்தந்த ஊர் ஆளிடமே கேளுங்கள். மழை நாட்களில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. மஞ்சள் வந்தாலே நடையைத் தள்ளிப்போடுங்கள். அறைக்குக் கொடுத்த முற்பணம் போனால் போகட்டும்.

வழிகாட்டியைப் பிடித்தல்

இதில்தான் அவசரப்படக்கூடாது. வழிகாட்டிகள் மூன்று வகையாகக் கிடைப்பார்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதி அட்டை வைத்திருப்பவர்கள் ஒரு வகை. நாடு முழுவதற்கும், ஒரு பிரதேசத்துக்கு, ஓர் இடத்துக்கு என்று அவர்களுக்குள்ளும் தரம் உண்டு, செலவும் அதிகம். இரண்டாவது, வனவிலங்குத் திணைக்களத்தின் அல்லது வனத் திணைக்களத்தின் அலுவலகத்தில் வாசலிலேயே கிடைக்கும் ஆட்கள். மூன்றாவது, தங்குகிற வீட்டுக்காரரின் மருமகன், பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) தம்பி, ஊர்க்காரர் யாராவது.

கிரிகல்பொத்த, ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் வாசலில், அல்லது உள்ளே இருக்கிற தகவல் நிலையத்தில் பேசி ஆள் எடுப்பதே சரி. நக்கிள்ஸில் வனத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும், பல பாதைகளுக்கு வழிகாட்டி கட்டாயம். இலுக்கும்புர அலுவலகத்தில் சீட்டையும் ஆளையும் ஒன்றாகவே கேட்டுக்கொள்ளலாம். தோட்டப் பாதைகளுக்கு மூன்றாவது வகை போதும், சில நேரம் அவர்தான் மற்ற இருவரையும்விடச் சிறந்தவர். ஆனால் காப்புக்காட்டுக்குள் சீட்டில்லாமல் “குறுக்கால கூட்டிட்டுப் போறேன்” என்கிறவரோடு போகாதீர்கள். பிடிபட்டால் வழக்கு, விழுந்தால் தேட யாருக்கும் தெரியாது.

ஆள் சரியா என்று பார்க்க, அவர் எத்தனை முறை ஏறியிருக்கிறார் என்று கேட்டுப் பயனில்லை. எல்லோரும் நூறு முறை என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: கடைசியாக எப்போது போனீர்கள்? இப்போது ஓடையில் தண்ணீர் எவ்வளவு? பாதையில் போன் சிக்னல் கிடைக்கிற இடம் எது? மழை பிடித்தால் எந்த இடத்திலிருந்து திரும்புவீர்கள்? கடைசிக் கேள்விக்கு, “மழையெல்லாம் ஒண்ணும் செய்யாது, கட்டாயம் உச்சிக்குக் கொண்டுபோவேன்” என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். இந்த இடத்துக்குப் பிறகு திரும்பிவிடுவோம் என்று சொல்கிறவர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

காசு பேசும்போது வெட்கப்படாமல் எல்லாவற்றையும் முதலே கதைத்துக்கொள்ளுங்கள். தொகை ஆளுக்கா, குழுவுக்கா? அவருடைய சாப்பாடும் பஸ் காசும் யாருடையது? பாதி வழியில் மழையால் திரும்பினால் முழுத் தொகையா? என் கணக்கில் முழுத் தொகைதான் கொடுக்க வேண்டும். அரைக் காசு என்று வைத்தால், திரும்ப வேண்டிய இடத்திலும் அவர் உங்களை மேலே இழுப்பார். குழுவுக்கு ஒரே தொகை என்றால் நாலைந்து பேர் சேருங்கள். செலவு குறைய அதுதான் நேர்மையான வழி. தோட்டத்து ஒரு நாள் சம்பளத்தை அளவாக வைத்து “இது போதாதா” என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். அந்தச் சம்பளமே போதாது என்று பல ஆண்டாக மக்கள் ரோட்டில் நின்று போராடியிருக்கிறார்கள்.

நக்கிள்ஸ் ஊர்களில் வழிகாட்டிகள் பெரும்பாலும் சிங்களம் பேசுவார்கள். பெரியவரை ‘அய்யே’ என்றும் சின்னவரை ‘மல்லி’ என்றும் கூப்பிட்டால் முகம் மலரும். நடக்கும்போது காதில் விழப்போகிற சொற்கள் இவை: ஹெமின் (மெதுவாக), லிஸ்ஸனவா (வழுக்கும்), கூடெல்லோ (அட்டைகள்), மீதும (மூடுபனி), நவதின்ன (நில்லுங்கள்). கடைசிச் சொல்லைக் கேட்டால் ஏன் எதற்கு என்று கேட்காமல் நின்றுவிடுங்கள்.

போய்ச் சேர்தலும் தங்கலும்

ரயில் ஓடுகிறதென்றால் அதைவிட மலிவு எதுவுமில்லை. முற்பதிவு ஒரு மாதத்துக்கு முன் திறந்து கண்மூடித் திறக்கமுன் தீர்ந்துவிடும். பதிவில்லாத மூன்றாம் வகுப்புச் சீட்டு அன்றே நிலையத்தில் கிடைக்கும், நின்றுகொண்டு வரத் தயாரென்றால். சிவனொளிபாதத்துக்கு ஹட்டனில் இறங்கி மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு பஸ். ஹோட்டன் சமவெளிக்கு பட்டிப்பொல அல்லது ஒஹிய. ஒஹிய நிலையத்திலிருந்து சமவெளிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் மேட்டு ரோட்டு. கிரிகல்பொத்த ஏறப்போகிறவர் அதையும் நடந்தால் உச்சிக்குக் கால் மிஞ்சாது. பட்டிப்பொலவிலோ ஒஹியவிலோ வீட்டறை எடுத்து, அதே வீட்டில் தங்குகிற மற்றவர்களோடு சேர்ந்து விடியற்காலை வான் அல்லது த்ரீவீல் பேசுங்கள். நுவரெலியாவில் தங்கினால் வாகனச் செலவு கூடும், தூக்கமும் போகும்.

அடையாள அட்டையை மறக்க வேண்டாம். உள்ளூர்க்காரருக்கான சீட்டு சில்லறைக் காசு, வெளிநாட்டவருக்கு டொலர்க் கணக்கு. கனடாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வருகிறவர்கள் எவ்வளவு நல்ல தமிழ் பேசினாலும் கட்டணத்தைத் தீர்மானிப்பது கடவுச்சீட்டுத்தான். அந்தச் செலவு கையைக் கடித்தால் பூங்காவை விட்டுவிட்டுத் தோட்டப் பாதை ஒன்றுக்கு வாருங்கள்.

பையில் என்ன

புதுச் சப்பாத்து வாங்காதீர்கள். அடிப்பக்கம் பல்லுள்ள, ஏற்கெனவே காலுக்குப் பழகிய சப்பாத்துப் போதும். ஜீன்ஸ் வேண்டாம்; நனைந்தால் காயாது, கனக்கும், குளிரும். மெல்லிய நைலோன் காற்சட்டை, ஒரு சுவெட்டர், அதன்மேல் மழைக்கோட். குடை காற்றில் நிற்காது. மாற்றுச் சேட்டும் மேசும் (காலுறை) ஒரு பையில் கட்டி உள்ளே வையுங்கள். ரோச் லைட், விசில், ஒரு ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், உப்பு, பிளாஸ்டர், நீங்கள் வழக்கமாக எடுக்கிற மருந்து.

சாப்பாட்டில் ஒரு பொறி இருக்கிறது. ஹோட்டன் சமவெளி வாசலில் பையைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். கடையில் லஞ்ச் ஷீட்டில் சுற்றிய சோற்றுப் பார்சல், பிஸ்கட் உறை எல்லாம் அதில் மாட்டும். டப்பாவில் தேங்காய் ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம் என்று கொண்டுபோனால் தொல்லையில்லை. வீட்டறை எடுத்த இடத்தில் முதல் நாளே சொன்னால் விடியற்காலை கட்டித் தருவார்கள்.

அட்டை

நக்கிள்ஸில் இதிலிருந்து தப்ப முடியாது, குறைக்கத்தான் முடியும். கடையில் விற்கிற அட்டைச் சொக்ஸ் நல்லது. காசு மிச்சம் பிடிக்க நினைத்தால், நீண்ட மேசுக்குள் காற்சட்டை நுனியைச் செருகி, சப்பாத்து வாயிலிருந்து முழங்கால் வரை சலவைச் சவர்க்காரத்தை நனைத்துத் தடிப்பாகப் பூசுங்கள். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான். சித்தாலேப என்கிற களிம்பைப் பூசுகிறவர்களும் உண்டு. மழையில் கழுவிப்போகும், இடையில் நின்று மறுபடி பூச வேண்டும்.

கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள், நெருப்பும் வைக்காதீர்கள். கடித்த வாய்ப்பக்கத்தில் நகத்தை வைத்துத் தோலோடு ஒட்டித் தள்ளினால் விட்டுவிடும். உப்புத் தண்ணீர் தொட்டாலும் விழும். இரத்தம் உறையாமல் அதன் எச்சில் தடுப்பதால் கொஞ்ச நேரம் வழியும். பார்க்கப் பயங்கரம், ஆனால் ஆபத்து இல்லை. கழுவி, பிளாஸ்டர் ஒட்டி நடக்கலாம். ஈர இலைகளில் உட்கார்ந்து ஓய்வெடுப்பதுதான் பெரிய பிழை. பாறையில் அல்லது வெயில் படுகிற திறந்த இடத்தில் நில்லுங்கள்.

அட்டைக்குப் பயப்படுகிற அளவு யாரும் குளவிக்குப் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது குளவிக்குத்தான். தோட்டங்களில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், உயிரிழக்கிறவர்கள் பற்றி அடிக்கடி செய்தி வரும். மரத்திலும் பாறை விளிம்பிலும் கூடு தொங்கும். வாசனைத் திரவியம் பூசி வராதீர்கள், கூச்சலும் கல்லெறியும் வேண்டாம், புகை போடாதீர்கள். வழிகாட்டி வாயில் விரல் வைத்தால் பேச்சை நிறுத்தி நடங்கள். கலைந்து வந்தால் கையை வீசாமல், முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு வந்த வழியால் ஓடுங்கள். பல இடத்தில் கொட்டினாலோ, மூச்சு இறுகினாலோ 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

நடக்கிற நாள்

வாசல் திறக்கிற நேரத்துக்கே நில்லுங்கள். காலை ஆறரைக்குத் தொடங்கினால், பகல் பதினொன்றுக்குள் உச்சியில் இருக்க வேண்டும். பன்னிரண்டுக்கும் எட்டவில்லை என்றால் எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து திரும்புங்கள். பிற்பகல் முகிலும் மழையும், பூங்கா மூடும் நேரமும் உங்களுக்காகக் காத்திருக்காது.

குழுவில் மெதுவாக நடக்கிறவரை வழிகாட்டிக்குப் பின்னால் இரண்டாவதாக விடுங்கள், கடைசியில் விடாதீர்கள். வேகமானவர்கள் பின்னால் வந்து முணுமுணுக்கட்டும். உயரத்தால் வருகிற மலைநோய்க்கு இந்த மலைகளின் உயரம் பெரும்பாலும் போதாது. வருகிற தலைவலி பெரும்பாலும் தண்ணீர் குடிக்காததால்தான். இறக்கத்தில் பாதத்தைக் குறுக்கே திருப்பி, சின்ன அடியாக வையுங்கள். வேர் ஈரமென்றால் அதன்மேல் மிதிக்காதீர்கள். விழுகிறவர்களில் அதிகம் பேர் இறங்கும்போதுதான் விழுகிறார்கள், அதிலும் படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறவர்கள். விளிம்பில் நின்று படம் என்றால் உலக முடிவின் செங்குத்து எண்ணூறு மீட்டருக்கு மேல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அருவி கண்டால் கால் நனைக்கலாம். தடாகத்தில் இறங்கிக் குளிப்பதற்கு அனுமதியில்லாத இடங்கள் பல, மேலே பெய்த மழை திடீரென்று வரும்.

தோட்டத்துக்குள் நடக்கிறபோது கொழுந்தெடுப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். நிறையக் கிலோ எடுத்தால்தான் அன்றைய பெயர் (ஒரு நாள் சம்பளக் கணக்கு) முழுதாக விழும். நிறுத்தி நிறுத்திச் சிரிக்கச் சொன்னால் அவர்கள் கணக்குக் குறையும். லயத்து வாசல்கள் வீட்டு வாசல்கள். மருந்தடிக்கிற தேயிலை மலை என்றால் சுற்றிப் போங்கள். மாலையில் தனியே பின்தங்க வேண்டாம், சிறுத்தை நடமாடுகிற தோட்டங்கள் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் பல.

இறங்கிய பிறகு

பேசிய தொகையை எல்லோர் முன்னாலும் இல்லாமல் தனியே, தாளாக, சில்லறை தேடாமல் கொடுங்கள். திருப்தி என்றால் மேலே கொஞ்சம் வையுங்கள். பழைய சுவெட்டரைக் கொடுத்துக் காசைக் குறைக்கிற வித்தை வேண்டாம். போன் இலக்கத்தை அவர் சம்மதத்தோடு வாங்கி, அடுத்து வருகிற சிநேகிதருக்கு நேரே கொடுங்கள். இடையில் தரகர் இல்லாவிட்டால் இருவருக்கும் லாபம்.

அறைக்குள் போகமுன் சப்பாத்தையும் மேசுகளையும் வெளியிலேயே கழற்றி உதறுங்கள், மடிப்பில் ஒன்றிரண்டு அட்டை இருக்கும். கடைசி பஸ் பல ஊர்களில் பொழுது சாயவே போய்விடுவதால், எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு வைத்திருங்கள். தவறவிட்டால் ஒரே த்ரீவீல்காரர்தான் நிற்பார், அவருக்கும் அது தெரியும்.